ஏரி நீரில் பூஞ்சை தேட எது நல்லது: ஐடிஎஸ்ஸா, 18எஸ்ஸா, நீள வாசிப்பா?

நீரை வடிகட்டி, அதிலுள்ள டி.என்.ஏ.வை வாசித்துப் பூஞ்சை தேடப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்தத் துண்டை வாசிப்பது என்பதைத்தான்.

பலரும் கைவைப்பது ஐடிஎஸ்மீது. செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமின் மரபணுக்களுக்கு இடையே கிடக்கும், வேகமாக மாறும் துண்டு அது. 2012இல் பூஞ்சைகளின் பொது பார்கோடாக, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் துண்டாக, அது முன்மொழியப்பட்டது. ஒப்பிட, பூஞ்சைகளின் ஐடிஎஸ் வரிசைகளைச் சேர்த்து வைத்த யுனைட் தரவுத்தளமும் இருக்கிறது. ஓடையில் மட்கும் இலைகளில் வளரும் பூஞ்சைகளுக்கு, அதாவது பூஞ்சையியலாளர் இங்கால்ட் 1942இல் விவரித்த நாற்கை வித்துக்காரர்களுக்கு, அது நன்றாகவே பொருந்தும். ஆனால் தரவுத்தளத்தில் உறவே இல்லாத ஒன்று சிக்கினால், 'அடையாளம் தெரியாத பூஞ்சை' என்று கைவிரித்துவிடும். தூரத்து உறவுகளின் ஐடிஎஸ்ஸை எழுத்துக்கு எழுத்து பொருத்தி ஒப்பிட வழியில்லை. ஏரியிலோ, அப்படிப்பட்டவைதான் ஏராளம்.

18எஸ் அதே ரைபோசோமின் மரபணுக்களில் ஒன்று, மெதுவாக மாறும் துண்டு. இனப்பெயர் வரை பெரும்பாலும் போகாது. ஆனால் முன்பின் அறியாத உயிரியையும் இன்ன கிளை என்று காட்டிவிடும். பிரான்சின் பாவின் ஏரியில், பாக்டீரியா தின்னும் கசையுயிரிகள் (சாட்டை போன்ற வாலால் நீந்தும் ஒருசெல் உயிரிகள்) என்று நுண்ணோக்கியில் எண்ணப்பட்டு வந்தவற்றில் கைட்ரிட் என்னும் நுண்பூஞ்சைகளின் நீந்தும் வித்துகளும் கலந்திருந்தது இந்த வழியில்தான் வெளிப்பட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது 2011இல் எக்ஸெட்டர் பல்கலைக்கழக வளாகக் குளத்தில் நடந்தது. முதலில் கிடைத்தது டி.என்.ஏ. வரிசை மட்டுமே, முகம் இல்லை. அந்த வரிசையில் மட்டும் ஒட்டும் ஒளிரும் டி.என்.ஏ. துண்டுகளைச் செய்து, குளத்திலிருந்து எடுத்த நீர் மாதிரியில் சேர்த்தார்கள். 3 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவில் செல்கள் மின்னின: கசையோடு சில, கசை இல்லாமல் சில, டயாட்டம் என்னும் நுண்பாசிமீது ஒட்டியபடி சில. பூஞ்சைக்கே உரிய கைட்டின் சுவர் அவற்றில் தென்படவில்லை. கிரிப்டோமைகோட்டா என்று பெயரிட்டார்கள்.

18எஸ், ஐடிஎஸ், அவற்றை அடுத்த ரைபோசோம் மரபணுவான 28எஸ் மூன்றையும் ஒரே இழையாக வாசிக்கும், பேக்பயோ நிறுவனக் கருவிகள் செய்வது போன்ற நீள வாசிப்பில் கிளையும் இனமும் சேர்ந்தே கிடைக்கும். செலவு கூடுதல், சிதையாத டி.என்.ஏ. வேண்டும், நீளம் கூடக்கூட, வெவ்வேறு உயிரிகளின் துண்டுகள் சேர்ந்து ஒட்டுப்போட்ட போலி வரிசைகளும் கூடும். பணம் இருந்தால் இதுதான் என் தேர்வு, இல்லாவிட்டால் 18எஸ். ஐடிஎஸ்ஸை மட்டும் நம்பி ஏரியில் இறங்க வேண்டாம் என்பேன்.

எதை எடுத்தாலும், கரையிலிருந்து காற்றில் வந்து விழுந்த வித்தையும் நீரிலேயே வாழும் பூஞ்சையையும் டி.என்.ஏ. பிரித்துச் சொல்லாது. அதனால் வடிகட்டும்போதே ஒரு குப்பி நீரைப் பதப்படுத்தித் தனியே வையுங்கள். ஒளிரும் துண்டுகளைக் கொண்டு தேட அது வேண்டும்.