பழைய டிராக்டரில் வேலை பழகுவது: மாஸி பெர்குசன் 35-உடன் சில வருட அனுபவம்

இன்ஜின் வேலை பழக ஆசைப்படும் இளவயதுக்காரர்கள் என்னைக் கேட்டால், பைக்கையும் காரையும் விட்டுவிட்டுப் பழைய டீசல் டிராக்டரைத்தான் சொல்வேன். பள்ளியில் படிக்கும்போது பிடித்த பழக்கம் இது. இப்போதும் விடுமுறை நாட்களில் பெரும்பகுதி அதனோடுதான் போகிறது. என்னிடம் இருப்பது மாஸி பெர்குசன் 35, மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இன்ஜின்.

இந்த மாடலைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. பெர்குசன் 35 முதலில் 1956-ல் வந்தது. அப்போது டீசலில் நாலு சிலிண்டர் இன்ஜின்தான். குளிரில் ஸ்டார்ட் ஆக அது படுத்திய பாடு ஊர் அறிந்தது. 1959 கடைசியில் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் மாறியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. அதே குடும்பத்து இன்ஜின்தான் 1964-ல் வந்த 135 மாடலிலும் இருக்கிறது. ஆகவே உதிரிபாகத்துக்கும் புத்தகத்துக்கும் பஞ்சம் இல்லை. பழகுகிறவருக்கு இது பெரிய விஷயம்.

இன்னொரு காரணம், எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. டீசல் டேங்கில் புறப்பட்டு எந்தக் குழாய் வழியாக எந்தப் பில்டருக்குப் போகிறது, அங்கிருந்து பம்புக்கு எப்படி வருகிறது என்று விரல் வைத்தே தொடரலாம். கோளாறு எந்த இடத்தில் என்று யோசித்துக் கண்டுபிடிக்க முடிகிறது. பிரிப்பதற்கு முன்னால் கண்டுபிடிக்க முடிகிறது என்பதுதான் இத்தனை நாள் பழக்கத்தில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போன விஷயம்.

முதலில் ஸ்பேனர். இந்த வண்டியில் நட்டு, போல்ட்டெல்லாம் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் செட்டை வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைக்க வேண்டாம். 3/4 அங்குலத்துக்கு 19 சரியாக உட்காரும், 5/8-க்கு 16 உட்காரும், அதுவரை சரி. 9/16 என்பது 14.29 மில்லிமீட்டர், 14 நுழையாது, 15 போட்டால் நட்டின் மூலை மழுங்கிவிடும். இந்த வண்டியில் அடிக்கடி கை வைக்க வேண்டிய அளவே அதுதான். ஒரு நல்ல அங்குல ரிங் ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ் (மெல்லிய இடைவெளியை அளக்கும் தகடுகள்), டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), சாதாரண மல்டிமீட்டர், இவ்வளவு போதும் ஆரம்பத்துக்கு. பட்டறைக் கையேட்டோடு பாகப் புத்தகமும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வாஷருக்குப் பின்னால் எந்த ஸ்பிரிங் வரும் என்பதைப் பாகப் புத்தகத்துப் படம் காட்டுகிற மாதிரி கையேடு காட்டாது.

டீசல் இன்ஜின் நின்றுபோனால் பத்தில் எட்டுத் தடவை டீசல் வரும் வழியில்தான் ஏதோ இருக்கும். எனக்குச் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் எந்த வண்டி வந்தாலும் முதலில் "ஏர் எடுத்தியா தம்பி?" என்றுதான் கேட்பார். ஏர் எடுப்பது என்றால் டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. அதை அவசரப்படாமல் வரிசையாகச் செய்ய வேண்டும். முதலில் டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் கை லிவரை அடித்துப் பாருங்கள். கையில் எதிர்ப்பே தெரியாமல் தொளதொள என்று இருந்தால் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே பம்பை இயக்கும் கேம் மேலே ஏறி நிற்கும் இடத்தில் இன்ஜின் நின்றிருக்கலாம். கிராங்கை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி அடித்தால் லிவர் உயிரோடு இருப்பது தெரியும்.

அப்புறம் பில்டர் மேலே உள்ள திருகைத் தளர்த்தி அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழும் டீசலும் கலந்து வரும், கடைசியில் கண்ணாடி போல் ஒரே சீராக வழியும். அந்த நேரத்தில், லிவரை அடித்துக்கொண்டே திருகை இறுக்க வேண்டும். அடுத்தது இன்ஜெக்ஷன் பம்ப். பக்கவாட்டில் ஒரு திருகு, மேலே கவர்னர் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும்) பகுதியில் ஒரு திருகு. இரண்டிலும் இதே கதை. கடைசியாக இரண்டு இன்ஜெக்டர் குழாய்களின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் குமிழ் உள்ளே தள்ளியிருக்கிறதா என்று பார்த்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். டீசல் துடிப்புத் துடிப்பாக வரும்போது நட்டை இறுக்கினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். கசிகிறதா என்று கையை வைத்துப் பார்க்கவே கூடாது. இன்ஜெக்டர் அழுத்தம் நூறு பாருக்கும் மேல். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம். அட்டையை நீட்டிப் பாருங்கள்.

ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் பலர் நேராகப் புது பேட்டரிக்குப் போகிறார்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரிக் கம்பத்திலும் மறு முனையை ஸ்டார்ட்டர் முனையிலும் வைத்து, ஸ்டாப்பை இழுத்துப் பிடித்துச் சுற்ற வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளிலோ கிளாம்பிலோ கோளாறு. எர்த் பக்கமும் அதே மாதிரி பார்க்க வேண்டும், துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் டிராக்டர்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரி மாட்டும் முன் இதைக் கவனித்துவிடுங்கள்.

வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் கைக்கும் நடுவில் வால்வு இடைவெளி வைப்பது ஒரு மதிய வேலை. இந்த இன்ஜினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீட்டர். ஃபீலர் தகடு இழுக்கும்போது லேசாக உரசி வர வேண்டும். அந்த உரசல் எவ்வளவு என்பது எழுத்தில் வராது, விரலுக்குத்தான் பழக வேண்டும்.

எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த டிராக்டரின் பெருமையே அது. ஹாரி பெர்குசன் 1920-களிலேயே யோசித்துவைத்த ஏற்பாடு. 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்த பெர்குசன் TE20 டிராக்டரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது இதுதான். கலப்பை கெட்டித் தரையில் மாட்டினால் டாப் லிங்க் (கலப்பையின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் கம்பி) முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் ஒரு கனமான ஸ்பிரிங்கை அமுக்கும், ஸ்பிரிங் வால்வை நகர்த்தும், கலப்பை தானாகக் கொஞ்சம் மேலே வரும். கலப்பையின் பாரமும் மண்ணின் இழுவையும் பின் சக்கரத்தின் மேல் விழுவதால் சக்கரம் வழுக்காது. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் ஒரு ஸ்பிரிங்கும் சில லிவர்களும் செய்கிற வேலை. முதல் தடவை உள்ளே பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

என் வண்டியில் ஒரு கோளாறு வந்தது. பாரத்தைத் தூக்கி நிறுத்தினால் ஹைட்ராலிக்கின் தூக்கும் கை விக்கல் எடுப்பதுபோல் விட்டுவிட்டுத் துள்ளியது. இன்ஜினை நிறுத்தினால் சீக்கிரமே இறங்கியது. எங்கோ எண்ணெய் கசிகிறது, பம்ப் மறுபடி மறுபடி நிரப்புகிறது என்று அர்த்தம். இதைச் சரிசெய்ய ஹைட்ராலிக்கின் மேல் மூடியைக் கழற்ற வேண்டும் என்றுதான் பலரும் சொன்னார்கள். சீட்டோடு சேர்த்து அது ஆள் தூக்க முடியாத கனம். ஆனால் வலது பக்கத்தில், அளவுக் குச்சி இருக்கும் இடத்தில் ஒரு சின்னத் தட்டு மூடி உண்டு. எண்ணெயைக் கொஞ்சம் வடித்துவிட்டு அதைத் திறந்து, பாரத்தைத் தூக்கி வைத்து, கையை உள்ளே விடாமல் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். பம்பிலிருந்து மேலே போகும் குழாயின் அடியில் எண்ணெய் விசிறியடிப்பது நன்றாகவே தெரிந்தது. அந்தக் குழாயை மேலிருந்தே உருவலாம். அதன் ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றினேன், துள்ளல் நின்றது. பெரிய மூடியைத் தொடவே இல்லை.

கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், பின் டிஃபரன்ஷியல் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான் என்பதை மறக்காதீர்கள். அது பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

கிளட்ச் மாற்றுவதுதான் கொஞ்சம் பயமான வேலை. இந்த டிராக்டருக்குத் தனியாகச் சாஸி கிடையாது. இன்ஜினும் கியர்பாக்ஸும்தான் முதுகெலும்பு. ஆக கிளட்சை எட்ட வண்டியையே நடுவில் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு முன் முன் அச்சுக்கும் அதைத் தாங்கும் வார்ப்புக்கும் இடையில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்தே தீர வேண்டும். முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஊஞ்சலாடுகிறது. ஆப்பு இல்லாவிட்டால் பிரிந்த மறுநொடி இன்ஜின் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். பின் பாதிக்கும் ஜாக்கை மட்டும் நம்பாமல் கெட்டியான ஸ்டாண்ட் வேண்டும். சேர்க்கும்போது கடைசி விரலளவு இடைவெளி மூடாவிட்டால் போல்ட்டை வைத்து இழுக்க வேண்டாம். ஸ்ப்லைன் (தண்டில் வெட்டிய நீளவாக்குப் பற்கள்) பல் சேரவில்லை என்று அர்த்தம். கிராங்கைக் கொஞ்சம் திருப்பினால் தானாக உள்ளே போகும். பழைய கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம், தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

குறைகளும் உண்டு. புதிதாக வரும் ரப்பர் சீல்களின் தரம் ஒரே சீராக இல்லை. பழைய சீல் உழைத்த காலத்தில் பாதிகூட வராதவை எனக்கே கிடைத்திருக்கின்றன. பின் அச்சு சீல் கசிந்தால் எண்ணெய் நேரே பிரேக் ஷூவுக்குப் போகும். ஊறிய லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். அதைவிடப் பெரிய குறை, அந்தக் காலத்து வண்டிகள் பெரும்பாலும் உருள்காப்புச் சட்டகம் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம்) இல்லாமல் வந்தவை. புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கிய சுவீடனே 1959-ல்தான் அதைச் செய்தது. உங்கள் வண்டிக்கு அந்தச் சட்டகம் கிடைக்குமானால் பெயின்ட்டுக்கு முன்னால் அதற்குச் செலவு செய்யுங்கள். கூடவே சீட் பெல்ட்டும். ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்து கீழே நின்றபடி ஸ்டார்ட் செய்வதைப் பெரியவர்கள் செய்து பார்த்திருப்பீர்கள். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேல்தான் ஏறும். கியர் நூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆக விடும் நூட்ரல் சுவிட்சைச் சரி செய்யுங்கள், அரை மணி நேர வேலைதான்.

வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துடையுங்கள். விரலில் மண் ஒட்டினால் அந்த இன்ஜின் தூசி குடித்தே ஓடியிருக்கிறது. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட்டு விலை பேசுங்கள். குழாய் சுத்தமாக இருந்து, ஏர் கிளீனரின் எண்ணெய்க் கிண்ணத்தில் மட்டும் சகதி படிந்திருந்தால் கிளீனர் தன் வேலையைச் செய்திருக்கிறது. மற்ற கோளாறு எதுவானாலும் துணிந்து வாங்கலாம்.