கூழும் ஈறும் சேர்ந்து கெட்ட பல்லுக்கு இரட்டைச் சிகிச்சை: எங்கே பலன், எங்கே வீண்?

ஒரே பல்லில் உள்ளே கூழ், அதாவது நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள மென்திசு, அழுகியிருக்கும். வெளியே ஈறு விலகி, வேரைப் பிடித்திருக்கும் எலும்பும் கரைந்திருக்கும். இப்படிப்பட்ட பல்லுக்கு வேர் சிகிச்சை, அதாவது ரூட் கெனால், ஒரு பாதி. ஈறு சிகிச்சை மறு பாதி. இரண்டையும் சேர்த்து ஒரே சேவையாக எடைபோட்டால் எங்கள் முடிவு இதுதான்: சரியாகச் சோதித்து, சரியான வரிசையில் செய்தால், பிடுங்கத்தான் வேண்டும் என்று தோன்றும் பல்கூடப் பிழைக்கும். சோதிக்காமல் தொடங்கினால் இரண்டையும் செய்து முடித்த பிறகும் பல் போய்விடும்.

கூழுக்கும் ஈறுக்கும் இடையே வழிகள் பல. வேர் நுனியில் இருக்கும் துளைதான் பெரிய வாசல். நரம்பும் இரத்தக் குழாயும் அதன் வழியாகத்தான் உள்ளே போகின்றன. வேரின் பக்கவாட்டில் கிளைக் கால்வாய்கள் உண்டு. கடைவாய்ப் பல்லில் வேர்கள் பிரியும் கவட்டிலேயே திறக்கும் நுண்கால்வாய்களும் உண்டு. வேரை மூடியிருக்கும் சிமென்டம் என்ற மெல்லிய உறை தேய்ந்தோ சுரண்டப்பட்டோ போனால், அடியில் உள்ள டென்டின் என்ற பல் திசுவின் நுண்குழல்களும் வழி விடும். இரண்டு நோய்க்கும் உள்ள இந்தத் தொடர்பை 1964இல் சிம்ரிங், கோல்ட்பெர்க் இருவரும் எழுதினார்கள். எந்த நோய் முதலில் தொடங்கியது என்பதை வைத்து சைமன், கிளிக், ஃபிராங்க் மூவரும் 1972இல் வகைப்படுத்தினார்கள். 2018இல் வெளியான புதிய வகைப்பாடு கேள்வியை மாற்றிக் கேட்கிறது: வேரில் விரிசலோ ஓட்டையோ இருக்கிறதா, இவருக்கு வாய் முழுக்க ஈறு நோய் இருக்கிறதா, ஈறு பல்லைவிட்டு விலகி உண்டான இடைவெளியான ஈறுப்பை எவ்வளவு அகலம்? சிகிச்சைக்கு வருபவருக்கு இந்தக் கேள்விகள்தான் கூடுதல் பயன் தருபவை.

இரண்டு திசையிலும் நோய் ஒரே வேகத்தில் பரவுவதில்லை. செத்த கூழிலிருந்து கிருமி வெளியேறி, எலும்பைக் கரைத்து, ஈறு வழியாகச் சீழாக வடிவது சாதாரணம். அது வேகமாகவும் நடக்கும். ஈறிலிருந்து கூழுக்குப் போவது மெதுவான வேலை. வேர் நுனியில் இரத்த ஓட்டம் நிற்காதவரை, ஆழமான ஈறுப்பை இருந்தும் கூழ் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். ஆகவே ஈறு ஆழமாக விலகியிருக்கிறது என்பதற்காக மட்டும் வேர் சிகிச்சை செய்வதை நாங்கள் ஏற்பதில்லை. உயிருள்ள கூழை எடுப்பதால் ஈறு நோய் ஆறாது.

எனவே இந்தச் சேவையின் தரம் முதல் நாள் சோதனையிலேயே தெரிந்துவிடும். கூழ் உயிரோடு இருக்கிறதா என்பதற்குக் குளிர்ச் சோதனை. குளிர் ஸ்பிரேயைப் பஞ்சு உருண்டையில் அடித்து, ஈரம் துடைத்த பல்லின் மேல் வைப்பார்கள். நல்ல பல்லில் முதலில் வைத்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் ஒப்பிட அளவுகோல் கிடைக்கும். கூச்சம் வந்து சில நொடிகளில் அடங்கினால் கூழ் நலம். பஞ்சை எடுத்த பிறகும் வலி நீடித்தால் கூழ் மீள முடியாத அழற்சியில் இருக்கலாம். எதுவுமே தெரியாவிட்டால் செத்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இது ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. வயதாகி உள்ளறை சுருங்கிய பல்லும், சமீபத்தில் அடிபட்ட பல்லும் உயிரோடு இருந்துகொண்டே பதில் சொல்லாமல் போகும். பல வேருள்ள கடைவாய்ப் பல்லில் ஒரு வேரின் கூழ் செத்து, இன்னொன்று உயிரோடு இருந்தால் ‘கூசுகிறது’ என்ற பதிலே வரும். மின்சோதனைக் கருவிக்கும் இதே குறை. கேப் போட்ட பல்லில் அதை வைப்பதும் கடினம். இரண்டு சோதனையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு.

அடுத்தது ஈறு அளவுகோலான புரோப். இங்கேதான் அவசரம் அதிகம் நடக்கிறது. பல்லைச் சுற்றி ஆறு இடத்தில் அளந்து எழுதுவது வழக்கமான முறை. கூழும் ஈறும் சேர்ந்த பல்லுக்கு அது போதாது. புரோப்பை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திக்கொண்டே பல்லைச் சுற்றி வர வேண்டும். 2, 3, 2 என்று போய்க்கொண்டிருந்த அளவு திடீரென ஒரே இடத்தில் 10 ஆகி, அடுத்த அடியில் மறுபடி 3 ஆனால், அது கூழிலிருந்து சீழ் வடியும் பாதையாக இருக்கலாம். இல்லாவிட்டால் வேர் விரிசலாக இருக்கலாம். 4, 6, 8, 6, 5 என்று சரிவாக இறங்கி ஏறினால் அது ஈறு நோயின் பை. ஆறு புள்ளி மட்டும் தொட்டவருக்கு அந்தக் குறுகிய 10 மில்லிமீட்டர் கண்ணில் படாமலே போகலாம். ஈறில் சீழ்க்கொப்புளம் இருந்தால், அதன் வாயில் ரப்பர் போன்ற மெல்லிய கட்டா பெர்ச்சா குச்சியை நுழைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். சீழ் எந்த வேரிலிருந்து கிளம்புகிறது என்று படம் காட்டிவிடும். எளிய வேலைதான், ஆனாலும் தவறான பல்லைத் திறக்காமல் காப்பாற்றுவது இது.

எக்ஸ்ரே ஒரே கோணத்தில் எடுத்தால் வேர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறையும். இரண்டு கோணம் தேவை. முப்பரிமாண சி.பி.சி.டி. ஸ்கேன் எல்லோருக்கும் வேண்டியதில்லை. கவட்டு எலும்பு எவ்வளவு போயிருக்கிறது, வேரில் ஓட்டை எந்தப் பக்கம் என்ற கேள்விகளுக்கு அது நன்றாக உதவும். வேருக்குள் உலோகப் போஸ்ட், அதாவது தாங்கு தண்டு, இருக்கும் பல்லில் மெல்லிய விரிசலைக் காட்டும் என்று நம்பி எடுத்தால் ஏமாற்றம்தான். உலோகத்தைச் சுற்றி வரும் கோடுகள் விரிசலை மறைத்துவிடும், சில சமயம் இல்லாத விரிசலையும் காட்டிவிடும்.

சோதனை முடிந்ததும் வரிசை தானாகத் தெளிவாகும். கூழ் செத்து, குறுகிய ஒரே ஒரு பாதை மட்டும் ஆழமாக இருந்து, வாயில் வேறெங்கும் ஈறு நோய் இல்லாவிட்டால் வேர் சிகிச்சை மட்டும் போதும். அந்தப் பாதைக்குள் கியூரெட் என்ற சுரண்டும் கருவியை விட்டுச் சுரண்டுவது பெரிய தவறு. வேரில் ஒட்டியிருக்கும் உயிருள்ள நார்களையும் சிமென்டத்தையும் சுரண்டி எடுத்துவிட்டால், தானாக மூடியிருக்க வேண்டிய பாதை மூடாமலே போகலாம். கூழ் உயிரோடு இருந்தால் ஈறு சிகிச்சை மட்டும். கூழை இடையிடையே சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் உண்மையாகவே கெட்டிருந்தால் வேர் சிகிச்சை முதலில். கால்வாயில் கிருமி இருக்கும்வரை வெளியே செய்யும் ஈறு வேலை நிலைக்காது. சீழ் கட்டி வீங்கியிருந்தால் வரிசை பார்க்க வேண்டாம், முதலில் சீழை வெளியேற்ற வேண்டும்.

வேர் சிகிச்சைப் பாதியில் பார்க்க வேண்டியவை சிலவே. பல்லை எச்சிலிலிருந்து பிரித்துவைக்கும் ரப்பர் தாளான ரப்பர் டேம் போட்டுத்தான் பல்லைத் திறக்க வேண்டும். எச்சில் உள்ளே போனால் சுத்தம் செய்வதில் அர்த்தமில்லை. கால்வாயின் நீளத்தை மின்கருவியால் அளந்து, எக்ஸ்ரேயில் தெரியும் நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் முன்பாக நிறுத்துவது வழக்கம். கால்வாயைக் கழுவ சோடியம் ஹைப்போகுளோரைட் 1 முதல் 5.25 சதவீதம் வரை பயன்படுத்துகிறார்கள். செத்த திசுவைக் கரைப்பது அதுதான். கடைசியில் 17 சதவீத இ.டி.டி.ஏ. கரைசலை ஒரு நிமிடம் விட்டு, சுவரில் படிந்த துகள் படலத்தை எடுப்பார்கள். வேரில் ஓட்டை இருப்பது தெரியாமல் ஹைப்போகுளோரைட்டை அழுத்திச் செலுத்தினால், அது வெளியே கசிந்து கடும் வலியும் வீக்கமும் வரும். அதனால்தான் ஊசியை இறுக்காமல், மெதுவாகச் செலுத்த வேண்டும்.

கூட்டு நோயில் கால்வாயை அன்றே அடைத்து முடிப்பதைவிட, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்துச் சில வாரம் பார்ப்பதை நாங்கள் விரும்புகிறோம். அதன் காரத்தன்மை பி.எச். (pH) அளவில் 12.5 இருப்பதால் பெரும்பாலான கிருமிகள் தாங்காது. மேலே போடும் தற்காலிக அடைப்பு குறைந்தது மூன்றரை மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். மெல்லியதாகப் போட்டால் மெல்லும்போது பெயர்ந்து, எச்சில் கசிந்து, செய்த சுத்தமெல்லாம் வீணாகும்.

பிறகு காத்திருப்பு. வேர் சிகிச்சை முடிந்து இரண்டு முதல் மூன்று மாதம் கழித்து அதே புரோப்பால் அதே இடங்களை மறுபடி அளப்பது பழைய வழக்கம். கூழால் உண்டான பகுதி அதற்குள் எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவு மூடியிருக்கும். மீதி ஆழம் ஈறின் கணக்கு. இரண்டையும் ஒரே காலத்தில் செய்யும் மருத்துவர்களும் உண்டு; ஈறு நோய் வெளிப்படையாகத் தெரியும் பல்லில் அதில் குறை சொல்ல மாட்டோம். மூன்று மாதம் என்பது வாயைச் சுத்தம் செய்யாமல் விடுவதற்கான காலமும் அல்ல. மற்ற பற்களின் காரையை எடுப்பதும், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுப்பதும் முதல் வாரமே தொடங்கலாம்.

பல்லின் ஆயுளைத் தீர்மானிப்பது ஈறுப் பாதிதான். கூழ் கரைத்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளரும். ஈறு நோய் கரைத்த எலும்பு அப்படித் தானாக வராது. ஆழமான, குறுகலான, மூன்று பக்கமும் எலும்புச் சுவர் மிஞ்சிய குழி என்றால் எலும்புத் துகளும் தடுப்புச் சவ்வும் வைத்துச் செய்யும் அறுவைக்கு நல்ல பலன் உண்டு. எலும்பு கிடைமட்டமாகச் சுற்றிலும் இறங்கியிருந்தால் அதே அறுவையில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கடைவாய்ப் பல்லில் ஒரு வேர் மட்டும் மோசமாக இருந்தால், அந்த வேரை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம். புகைப்பவருக்கும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும் இந்தப் பாதியின் பலன் குறையும். இதைத் தொடங்கும் முன்பே சொல்லாத சிகிச்சையகத்தைப் பரிந்துரைக்க மாட்டோம்.

தோல்விகளில் கொடியது மேலிருந்து கீழாக ஓடும் வேர் விரிசல். ஏற்கனவே வேர் சிகிச்சை செய்து போஸ்ட் வைத்த பல்லில், குறுகிய ஆழமான பையும், எக்ஸ்ரேயில் வேரை ஒட்டி ‘ஜே’ எழுத்தைப் போல வளைந்த கருமையும் சேர்ந்து வந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். ஈறைத் திறந்து சாயம் தடவிப் பார்த்து உறுதியானால், ஒற்றை வேர்ப் பல்லுக்கு இரட்டைச் சிகிச்சை வேண்டாம், பிடுங்குவதே நேர்மை. மேல் முன்வரிசையில் நடுப்பல்லுக்கு அடுத்த பல்லின் உட்புறம் பிறவியிலேயே ஒரு பள்ளம் வேர்வரை ஓடுவதுண்டு. சொத்தையே இல்லாத அந்தப் பல்லில் கூழ் சாவதற்கும் ஈறு கெடுவதற்கும் அந்தப் பள்ளமே காரணமாக இருக்கலாம். பள்ளத்தை அடைக்காமல் எத்தனை முறை ஸ்கேலிங் செய்தாலும் நோய் திரும்பும். வேரில் ஓட்டை விழுந்திருந்தால் 1990களில் வந்த எம்.டி.ஏ. என்ற சிமென்ட் போன்ற பொருளால் அடைக்கலாம். ஓட்டை சிறியதாக, எலும்புக்கு நடுவே, உடனே அடைக்கப்பட்டதாக இருந்தால் நம்பலாம். ஈறு விளிம்புக்கு அருகே இருந்தால் நிலைப்பது அரிது. ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்து அனுப்புவதைச் சிகிச்சை என்று நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. செத்த கூழுக்குள் இரத்த ஓட்டம் இல்லை, மாத்திரை அங்கே போய்ச் சேராது.

கேப் போட்டதோடு சேவை முடியக் கூடாது. ஈறுப் பராமரிப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வதும், ஆறாம் மாதமும் ஓராண்டிலும் எக்ஸ்ரே எடுப்பதும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறாம் மாதப் படத்தில் கருமை முழுதும் மறையாவிட்டால் பதற வேண்டியதில்லை. சிறுத்திருந்தால் போதும், எலும்பு நிரம்பச் சில பற்களில் நான்கு ஆண்டுவரை ஆகும். ஆனால் அந்தப் படம் முதல் படம் எடுத்த அதே கோணத்தில் இருக்க வேண்டும். முதல் நாள் எழுதிய ஈறு அளவுத் தாளும் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தத் தாளின் நகலை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.