டொலேடோவா, செகோவியாவா?

மாட்ரிட்டில் தங்கியிருப்பவருக்கு ஒரு நாள்தான் மிச்சம் என்றால் கேள்வி இந்த இரண்டு ஊரில்தான் வந்து நிற்கும்.

செகோவியாவில் வழி தவறுவது கஷ்டம். ரோமானியர் கட்டிய நீர்ப்பாலத்தடியில் தொடங்கிக் கடைத்தெரு வழியே ஏறினால் கதீட்ரல், அதைத் தாண்டினால் அல்காசார் கோட்டை. அரை நாள் போதும். பாலம் சுமார் 28 மீட்டர் உயரம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்தே கிடையாது. கிட்டப் போய்ப் பார்த்தால், கல்லைத் தூக்க இடுக்கி பிடித்த குழிகள்கூட அப்படியே இருக்கின்றன.

டொலேடோ அப்படியில்லை. மூன்று பக்கமும் தாஹோ ஆறு, உள்ளே முடிச்சு முடிச்சாகச் சந்துகள். வரைபடத்தை நம்பினால் யாரோ வீட்டு வாசலில் நிற்போம். ஆனால் அந்தச் சந்துகளில்தான் 999-இல் எழுந்த குட்டி மசூதி, தேவாலயமாக மாறிய யூத ஆலயம், அதன் வெள்ளை லாட வளைவுகள், அப்புறம் சாந்தோ தோமே தேவாலயத்தில் எல் கிரெக்கோவின் பெரிய ஓவியம். 1226-இல் தொடங்கிய கதீட்ரலுக்கே இரண்டு மணி நேரம் போய்விடும்.

முட்டி வலி உள்ளவர்கள் பயப்பட வேண்டாம், டொலேடோ மேட்டுக்கு நகரும் படிக்கட்டு உண்டு. என் ஓட்டு டொலேடோவுக்கே, அதுவும் ஒரு ராத்திரி தங்க முடிந்தால். பகல் கூட்டம் ரயிலேறிய பிறகுதான் அந்தச் சந்துகள் நமக்குக் கிடைக்கும்.