நெட்வொர்க்ஸ் பாடம்: கீழிருந்து மேலா, மேலிருந்து கீழா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பாடத்தை 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டின் பாடத்திட்டத்தில், அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். 2017 ரெகுலேஷனின் சிஎஸ்8591-ல் முதல் யூனிட் கம்பியும் சிக்னலுமான அடி அடுக்கு, பிசிகல் லேயர்; கடைசி யூனிட் பிரவுசர் போன்றவை இயங்கும் மேல் அடுக்கு, அப்ளிகேஷன் லேயர். 2021-ன் சிஎஸ்3591-ல் அப்ளிகேஷன் முதலில் வருகிறது. டேட்டா லிங்க்கும் பிசிகலும் சேர்ந்து ஐந்தாவது யூனிட்டில். இரண்டையும் நடத்தியவன் என்ற முறையில், புதியதுதான் தேவலை என்பேன். ஒரு குறை உண்டு, அதற்கு வருகிறேன்.

பழைய முறையில் செமஸ்டர் தொடங்கியதுமே கணக்குதான். 3000 ஹெர்ட்ஸ் அலைவரிசை, சிக்னல்-இரைச்சல் விகிதம் 30 டெசிபல். ஒரு தடத்தின் உச்ச வேகத்தைச் சொல்லும் ஷானன் சூத்திரத்தில் போட்டால் நொடிக்குச் சுமார் 30 கிலோபிட். பிள்ளைகள் கால்குலேட்டரைத் தட்டிச் சரியாகவே போடுவார்கள். "சார், இதுக்கும் பிரவுசருக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். பதில் ஐந்தாவது யூனிட்டில் இருந்தது. அங்கே போவதற்குள் மாடல் எக்ஸாம் வந்துவிடும்.

புதிய முறையில் முதல் லேபிலேயே நெட்கேட்டை (சர்வரோடு நேரடியாகத் தட்டச்சு செய்து பேசும் கருவி) திறந்து ஒரு இணையதளத்தின் 80-ஆம் போர்ட்டோடு (வெப் சர்வரின் வாசல் எண்) பேச வைக்கலாம். முதல் வரியில் கெட் (GET, பக்கத்தைக் கேட்கும் கட்டளை), ஒரு சாய்கோடு, எச்டிடிபி 1.1. அடுத்த வரியில் ஹோஸ்ட் பெயர். அப்புறம் என்டர், இன்னொரு என்டர். பாதிப் பேர் அந்த இரண்டாவது என்டரை மறந்துவிட்டு, "சார், ஹேங் ஆயிடுச்சு" என்பார்கள். ஹேங் எல்லாம் இல்லை; வெற்று வரி வந்தால்தான் ஹெடர் முடிந்தது என்று சர்வருக்குத் தெரியும். ஹோஸ்ட் வரியை விட்டால் 400 (தவறான கோரிக்கை) என்று திட்டு விழும். புரோட்டோகால் என்றால் என்ன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கூடவே, போகிற வருகிற பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் வயர்ஷார்க் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் ருசி. கெட்டுக்கு முன்னால், இணைப்பைத் தொடங்கும் சின், சின்-ஆக், ஆக் என்று மூன்று பாக்கெட். அதற்கும் முன்னால் 53-ஆம் போர்ட்டுக்கு தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி கேட்கும் ஒரு டிஎன்எஸ் கேள்வி. டிசிபி (பாக்கெட் தொலைந்தால் திரும்ப அனுப்பும் புரோட்டோகால்) வருகிற அடுத்த யூனிட்டை அந்தத் திரையிலிருந்தே தொடங்கலாம். முன்பு தனித்தாளாக இருந்த லேபை இப்போது தியரியோடு சேர்த்து 4 கிரெடிட் ஆக்கியதால்தான் இது சாத்தியம்.

பழைய முறைக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: கம்பியில் பிட் கெடும் என்று தெரியாமல் டிசிபி ஏன் திரும்ப அனுப்புகிறது என்பது எப்படிப் புரியும்? நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் கம்பிவழி இணையத்தில் பாக்கெட் தொலைவது பெரும்பாலும் ரவுட்டரின் வரிசை நிரம்பி வழிவதால், இரைச்சலால் அல்ல. அதைக் கீழிருந்து தொடங்கியவனும் டிசிபி வருகிற நாலாவது யூனிட்டில்தான் படித்தான்.

சரி, குறை. வயர்ஷார்க்கைத் திறந்ததுமே, ஒரு ஐபிக்கு உரிய மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் எண்) கேட்கும் ஆர்ப் கண்ணில் படும்: 192.168.1.1 யாரிடம் இருக்கிறது, 192.168.1.7-க்குச் சொல். "ஐபி இருக்கும்போது மேக் எதற்கு?" என்று உடனே கேட்பார்கள். சிலபஸோ மேக்கைக் கடைசியில் வைத்திருக்கிறது. நான் இரண்டாவது வாரத்திலேயே இரண்டு பீரியட் திருடி சுவிட்ச், மேக், ஆர்ப் மூன்றையும் சொல்லிவிடுவேன்.

கேட் (GATE, எம்.டெக். நுழைவு) தேர்வுக்கு எந்த வரிசையானாலும் ஒன்றுதான். சிஆர்சி (பிழை கண்டுபிடிப்பது), சப்நெட் (முகவரிகளைப் பிரிப்பது), ஸ்லைடிங் விண்டோ (ஒரே மூச்சில் எத்தனை பாக்கெட் அனுப்பலாம் என்பது) மூன்றையும் போட்டுத்தான் பழக வேண்டும். பழைய வரிசையை நான் இன்றும் தேர்ந்தெடுப்பது ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) வகுப்புக்கு மட்டும்: கம்யூனிகேஷன் பாடமும் படிக்கிற அவர்களுக்கு ஷானன் பழகிய ஆள்.