பாட்டிலைப் பார்க்காமல் ஃபோர்க் சர்வீஸுக்குக் கொடுக்காதீர்கள்

புதுச்சேரியில் சைக்கிள் ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மேடுபள்ளத்தில் அமுங்கி எழும்பும் பகுதி) சர்வீஸுக்குக் கொடுக்க இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எனக்கு 1,800 ரூபாய் போனது. மணிக்கட்டு இரண்டு வாரம் வலித்தது.

வாரம் இரண்டு முறை ஆரோவில் பக்கம் செம்மண் பாதையில் ஓட்டுகிறேன். ஆயில் மாற்றி நாளாயிற்றே என்று, பைக்கும் சைக்கிளும் பார்க்கும் ஒரு கடையில் விட்டேன். பில்லில் 'ஃபோர்க் ஆயில் 5 வெயிட்' என்று எழுதித் தந்தார்கள். வெயிட் என்பது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்குப் போடும் எண்.

மழைத்தண்ணீர் அரித்து வரிவரியாகக் கிடக்கும் இடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. முதல் மேட்டுக்கு ஃபோர்க் அமுங்கியது. அது எழும்புவதற்குள் அடுத்த மேடு வந்தது. நாலாவது மேட்டில் பாதிக்கு அமுங்கியபடியே நின்றுவிட்டது. அதன்பிறகு அடி எல்லாம் நேராகக் கைக்குத்தான். எழும்பும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரீபவுண்ட் குமிழை முழுக்கத் திறந்தும் மாற்றமில்லை.

"புது ஆயில் தம்பி, ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்" என்றார் கடைக்காரர். ஆகாது. ஃபோர்க்குக்குள் இருக்கும் டேம்பர் என்ற பகுதியில் ஆயில் சின்னச் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போவதால்தான் ஃபோர்க்கின் வேகம் கட்டுப்படுகிறது. ஆயில் கெட்டியானால் அமுங்குவதும் மெதுவாகும், எழும்புவதும் மெதுவாகும். குமிழ் ஒரு துளையைத்தான் கூட்டிக் குறைக்கும், ஆயிலை இளக்காது.

கடலூரில் நண்பர் வீட்டு வாசலில் வைத்துப் பிரித்தோம். டேம்பரிலிருந்து தேன் மாதிரி நூல் பிடித்து இறங்கியது. மறுநாள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டியதும், "20டபிள்யூ-40 தான் ஊத்தினேன், ஆயில்னா எல்லாம் ஒண்ணுதானே" என்றார். பைக் எஞ்சினுக்கு ஊற்றுவது! பணம் திரும்பவில்லை.

எல்லாம் ஒன்றில்லை. எஞ்சின் ஆயிலில் போடும் எண்ணும் ஃபோர்க் ஆயிலில் போடும் எண்ணும் வேறு வேறு கணக்கு. ஃபோர்க் ஆயிலிலேயே ஒரு கம்பெனியின் 5 வெயிட்டும் இன்னொன்றின் 5 வெயிட்டும் ஒத்துப்போகாது. அதனால் 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு, எண் கூடினால் ஆயில் கெட்டி) என்று பாருங்கள். 5 வெயிட் ஃபோர்க் ஆயில் பெரும்பாலும் 15 முதல் 22 வரை இருக்கும். 20டபிள்யூ-40 நூறைத் தாண்டும். மசகுக்காக ஃபோர்க்கின் கீழ்க்கால்களில் (கீழ்ப்பக்கக் குழாய்களில்) விடும் சில மில்லி ஆயில் மட்டும் கெட்டியாக இருக்கலாம், அது வேறு வேலை. ஃபோர்க் கம்பெனியின் கையேட்டில் இரண்டும் தனித்தனியாகப் போட்டிருக்கும்.

சரியான ஆயில் ஊற்றிய பிறகு குமிழின் ஒவ்வொரு கிளிக்குக்கும் வித்தியாசம் தெரிகிறது. இப்போது சர்வீஸுக்குப் போனால், சீல் உடைக்காத பாட்டிலை என் கண்ணெதிரே திறக்கச் சொல்லி, ஊற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.