மருத்துவ எழுத்து வேலை ஏற்பவர்கள் கவனத்திற்கு: இப்படிப்பட்ட ஏஜென்சியிடம் போகாதீர்கள்

கேரள-தமிழக எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் தமிழும் மலையாளமும் தெரிந்த பட்டதாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வேலை அழைப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. உடல்நலக் கட்டுரைகள் எழுத வேண்டும், மருந்து ஆய்வுப் படிவங்களைத் தமிழில் தர வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம், சொல் கணக்கில் கூலி என்று அதில் இருக்கும். அனுப்புவது பெங்களூரில் இருக்கும் ஓர் ஏஜென்சி. அவர்கள் எனக்கு 40,000 ரூபாய்க்கு மேல் பாக்கி வைத்திருக்கிறார்கள். பணம் மட்டும் என்றால் என் வீட்டோடு போயிருக்கும். நோயாளிகளிடமிருந்து உண்மையை மறைக்கவும் என்னைப் பயன்படுத்தப் பார்த்தார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் பி.பார்ம் படித்தவள். கோவையில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சித்தூர் தாலுகாவில் எங்கள் ஊரில் இருந்தபடியே எழுதுகிறேன். இந்த ஏஜென்சி கொடுத்த முதல் வேலை சின்னது. பணம் உடனே வந்தது, 10 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிக்காகப் பணம் தருபவரே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது) பிடித்தம் போக. அதற்குப் பிறகு கட்டுரைகள் கொத்துக் கொத்தாக வந்தன: சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு, சிறுநீரகம், விழித்திரைப் பரிசோதனை. ஒர்க் ஆர்டர் கேட்டேன். "மெயில் இருக்கிறதே மேடம், அதுவே போதும். எல்லாவற்றையும் சேர்த்து மாதக் கடைசியில் ஒரே பில்லாகப் போடுங்கள்" என்றார் ஒருங்கிணைப்பாளர். மாதக் கடைசி வரும்போதெல்லாம் அந்த பில் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

பிறகு வந்தது ஒப்புதல் படிவம். சர்க்கரை நோய்க்கான ஒரு புதிய மாத்திரையை ஆய்வு செய்கிறார்களாம், பங்கேற்பவர்கள் படித்துக் கையெழுத்திட வேண்டிய தாளைத் தமிழில் எழுதித் தர வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது பக்கத்தின் அடிப்பகுதியைத்தான். புரோட்டோகால் (ஆய்வுத் திட்ட) எண், பதிப்பு எண், தேதி மூன்றும் ஒவ்வொரு பக்கத்திலும் அங்கே இருக்கும். இவர்கள் அனுப்பிய கோப்பில் அந்த இடம் காலியாக இருந்தது. கேட்டதற்கு "இறுதிப் பிரதியில் சேர்ப்போம்" என்று பதில் வந்தது.

எழுதி அனுப்பினேன். திரும்பி வந்த கோப்பில் பல வரிகள் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தன. "இந்த மருந்து எதிர்பார்த்த பலனைத் தராமல் போகவும் வாய்ப்பு உண்டு" என்ற வரி இல்லை. ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை தரப்படும், அதனால் நோய் குறையாது என்ற வரி இல்லை. ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்ற பத்தி முழுவதும் போயிருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: "பயமுறுத்தும் பகுதிகள் வேண்டாம். நட்பான தொனியில் எழுதவும்." குறிப்பு எழுதியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'யூசர்' என்று மட்டும் இருந்தது.

இவை எதுவும் எழுதுபவர் விருப்பப்பட்டால் சேர்க்கிற வரிகள் அல்ல. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின் மூன்றாம் அட்டவணை, ஒப்புதல் படிவத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. மருந்து பலன் தராமல் போகலாம் என்பதும், போலி மாத்திரைக்கு சிகிச்சைப் பலன் கிடையாது என்பதும், எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்பதும் அதில் இருக்கின்றன.

அடித்துத் திருத்திய அந்தப் பிரதியைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மாதாமாதம் பஸ் ஏறிக் கோவைக்குப் போய் மருந்து வாங்கி வருபவர். முழுவதும் கேட்டுவிட்டு, "ஏன் கண்ணு, நல்ல மருந்தைச் சும்மாவே கொடுக்கிறார்கள் என்றுதானே இதில் இருக்கிறது? நம் பேரையும் எழுதிக் கொடுத்துவிடலாமா?" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெரியம்மாவைப் போல எத்தனை பேர் எல்லை தாண்டி வைத்தியத்துக்குப் போய் வருகிறார்கள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் அவர்களுக்குப் பழக்கம்.

இது வெறும் பயம் அல்ல. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009-இல் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டு நடத்திய ஆய்வை நினைத்துப் பாருங்கள். பெற்றோர் இட வேண்டிய ஒப்புதல் கையெழுத்தைப் பல சிறுமிகளுக்கு விடுதிக் காப்பாளர்களே போட்டிருந்தார்கள். 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை தந்தது.

அடித்த வரிகளைத் திரும்பச் சேர்க்காவிட்டால் படிவத்தைத் தர முடியாது என்று எழுதினேன். பங்கேற்பவர்களின் பாதுகாப்பைக் கவனித்து ஆய்வுக்கு அனுமதி தர வேண்டிய நெறிமுறைக் குழு எது என்றும் கேட்டேன். "அது ரகசியம்" என்றார்கள். அடுத்த மெயிலில், நான் அதுவரை எழுதிய அனைத்தும் இயந்திர மொழிபெயர்ப்பு என்று 'தரப் பிரிவு' கண்டுபிடித்துவிட்டதாகவும், அதனால் பழைய பில் எதற்கும் பணம் கிடையாது என்றும் சொன்னார்கள். அதற்கு முன் ஒருமுறைகூட தரம் பற்றி ஒரு புகார் வந்ததில்லை. "அருமை மேடம்" என்று பாராட்டிய மெயில்கள் என்னிடம் அப்படியே இருக்கின்றன.

அந்தத் தரமில்லாத கட்டுரைகளைத்தான் ஒரு செல்போன் செயலியில் பிறகு பார்த்தேன். பாதப் பராமரிப்புக் கட்டுரையில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. மேலே நான் கேள்விப்பட்டிராத ஒரு மருத்துவரின் பெயரும் படமும். மருத்துவர் எழுதியது என்று நம்பித்தானே மக்கள் அதைப் படிக்கிறார்கள்? எழுதியவர் ஒருவர், கையெழுத்து இன்னொருவர் என்றால் அதில் பிழை இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? சம்பளத்துக்கு வேலை செய்யாத எழுத்தாளரின் படைப்புக்கு, எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றித் தராதவரை, எழுதியவரே உரிமையாளர். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17, 19. நான் எதிலும் கையெழுத்திட்டுத் தரவில்லை. செயலி நடத்துபவர்களுக்கு அசல் கோப்புகளோடு கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

டி.டி.எஸ். சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். முதல் பில்லில் பிடித்த பணம், நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏ.எஸ். படிவத்தில் இன்றுவரை ஏறவில்லை. அந்தப் பிடித்தம் அரசுக்குப் போய்ச் சேரவில்லை என்றே தோன்றுகிறது. ஒரு இடத்தில் தொடர்ந்து வேலை செய்யும் முன், முதல் பிடித்தம் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். காலாண்டு முடிந்து ஓரிரு மாதத்தில் தெரிய வேண்டும்.

பணத்துக்கு வழி இருக்கிறது. எழுத்து வேலையும் சேவைதான், நீங்களும் குறுந்தொழில் செய்பவர்தான். குறு, சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. வேலை ஏற்கும் முன்பே பதிந்துவிடுங்கள், பின்னால் பதிந்துகொண்டு பழைய பில்லுக்கு உரிமை கேட்டால் சிக்கல் வரும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, என்ன பேசியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தைத் தள்ளிப்போட முடியாது. தள்ளினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. "வழக்கு என்றால் பெங்களூருக்குத்தான் வர வேண்டும்" என்று என்னை மிரட்டினார்கள். அது பொய். சேவை தந்தவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநிலத்து வசதி மன்றமே (இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) விசாரிக்கலாம். எனக்குப் பதிவு முன்பே இருந்ததால் கேரளத்திலேயே மனு கொடுத்துவிட்டேன்.

ஒப்புதல் படிவ வேலை வந்தால் இதைச் செய்யுங்கள். நேர்மையான இடங்களில் நீங்கள் தமிழில் தந்ததை இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்தில் எழுதி, மூலத்தோடு ஒப்பிடுவார்கள். நெறிமுறைக் குழு அந்தத் தமிழ்ப் படிவத்தையே பார்த்து ஒப்புதல் தரும். அப்படி ஒரு நடைமுறை இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஏற வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம், எந்தெந்த மருத்துவமனை, எந்த நெறிமுறைக் குழு என்பது வரை அதில் இருக்கும். பதிவு இன்னும் ஆகவில்லை என்று சொன்னால், புரோட்டோகால் எண்ணையும் குழுவின் பெயரையும் எழுத்தில் கேளுங்கள். நாளை பதிவேட்டில் எல்லோரும் பார்க்கப்போகிற விவரத்தை இன்று உங்களிடம் ரகசியம் என்று சொல்கிறவரின் கோப்பைத் திறக்காதீர்கள். அடித்த வரிகளோடு வந்த பிரதியை நெறிமுறைக் குழுக்களைப் பதிவு செய்யும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு அனுப்பியிருக்கிறேன். இதே மாதிரி, அடிப்பகுதி காலியாக ஒரு சர்க்கரை நோய்ப் படிவம் உங்களுக்கும் வந்திருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள், எனக்கும் தெரிவியுங்கள்.