மரத்துல கூரை ஜன்னல்: எட்டு வருஷமா அந்த ஒரு கீழ்ச்சட்டம்

நேத்து ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான், மாடி ரூமுக்கு கூரை ஜன்னல் (சாய்வான கூரையிலேயே பதிக்கிற ஜன்னல்) வைக்கப்போறேன், மரத்துல எடுக்கவா இல்ல அந்த வெள்ளை பாலியூரித்தேன், அதான் ஒரு வகை பிளாஸ்டிக், பூசினது எடுக்கவான்னு. போன வாரம்தான் என் ஜன்னலோட மல்லுக்கட்டி முடிச்சேன், விரல் இடுக்குல வார்னிஷ் இன்னும் போகல, இந்த நேரம் பாத்து கேக்குறான். சரி, எழுதியே வச்சிடுறேன்.

நல்லதை மொதல்ல சொல்லிடுறேன், அப்புறம் சொல்ற மூடு இருக்காது. எட்டு வருஷத்துல மழைத்தண்ணி ஒரு சொட்டு உள்ள வந்ததில்ல. நடுவுல சுழலுற டைப், அப்படியே திருப்பிப் போட்டு தாழ் போட்டா வெளிப்பக்கக் கண்ணாடியையும் ரூமுக்குள்ள நின்னே துடைச்சிடலாம். பைன் மரம், வெயில் பட்டா தேன் கலர்ல இருக்கும்.

இப்ப என் வயித்தெரிச்சல். சட்டத்துல மூணு பக்கம் இன்னிக்கும் புதுசு மாதிரி இருக்கு. கீழ்ச்சட்டம், கண்ணாடி வந்து மரத்துல உக்கார்ற அந்த ஒரு விரல் அகலம் மட்டும்தான் என் உசுரை வாங்குது. குளிர்காலத்துல காலைல கண்ணாடி வேர்க்கும், துளி எல்லாம் சறுக்கிட்டு வந்து அங்க தேங்கி நிக்கும். மூணு வருஷம் ஒண்ணும் தெரியல. நாலாவது வருஷம் வார்னிஷ்ல முடி மாதிரி விரிசல், அது வழியா தண்ணி இறங்கி ஓரத்துல கறுப்பா தேமல் மாதிரி படர ஆரம்பிச்சுது. நான் அதை அழுக்குன்னு நெனச்சு ரெண்டு வருஷம் ஈரத்துணியால துடைச்சேன், என்னைய என்ன சொல்ல.

அப்புறம் கூரை ஒழுகுதுன்னு முடிவு பண்ணி ஆள் கூப்பிட்டேன். அவர் ஏணி கூட வைக்கல. "மழை பெய்யுற அன்னிக்கு ஈரமா இருக்கா, மழையே இல்லாம குளிரடிக்கிற காலைல ஈரமா இருக்கா?"ன்னு கேட்டார். ரெண்டாவதுன்னேன். "அப்ப ஒழுகல சார், நீங்க விடுற மூச்சுதான் அது"ன்னுட்டுப் போயிட்டார்.

கணக்கு இதான். 20 டிகிரி ரூம்ல ஈரப்பதம் 50 சதவீதம்னா, சுமார் 9 டிகிரிக்குக் கீழ குளிர்ந்த எது மேலயும் தண்ணி கட்டும். 65 சதவீதம் ஆச்சுன்னா 13 டிகிரிலயே கட்டும். காத்து ஈரப்பதம் காட்டுற மீட்டர் வாங்கி வச்சா என் ரூம் 65 காட்டுது, ஏன்னா துணி காயப்போடுறதே அங்கதான். போதாததுக்கு ராத்திரி திரையை இழுத்து மூடிடுவேன், ரூம் சூடு கண்ணாடிக்குப் போகாது, குளிருதுன்னு ஜன்னல் மேல காத்து வர்றதுக்கு இருக்குற சின்ன மூடியையும் அடைச்சிடுவேன். இது மூணும் என் தப்பு. ஆனா ஜன்னலைச் சுத்தி உள்பக்கம் பலகை அடிச்சவர் பண்ணது என் தப்பு இல்ல. கீழ்ப் பலகை செங்குத்தா, மேல் பலகை தரைக்கு இணையா இருந்தாத்தான் சூடான காத்து கண்ணாடியைத் தடவிட்டுப் போகும், இவர் டப்பா மாதிரி நேரா அடிச்சு வச்சிட்டார்.

ரிப்பேர்ல மொதல் முட்டாள்தனம் ப்ளீச். ஊத்தினதும் வெள்ளையாயிடுச்சு, ஒரு மாசத்துல அந்தக் கறுப்பு, அதான் பூஞ்சை, திரும்ப வந்துடுச்சு. அதுல இருக்குற தண்ணி மரத்துக்குள்ள ஊறிடும், குளோரின் மேலாக்கத்தான் வேலை செய்யும், ஆக நானே தண்ணி ஊத்தி வளத்த மாதிரி. இந்த தடவை ஒழுங்கா பண்ணேன். ஸ்க்ரூடிரைவர் முனையால அழுத்திப் பாத்தேன், ஒரு மூலைல மட்டும் பிஸ்கட் மாதிரி உள்ள போச்சு, அந்த அரை இஞ்சை சொரண்டி எடுத்துட்டு எபாக்ஸி (கல்லு மாதிரி இறுகுற பசை) அடைச்சேன். மத்த இடம் கெட்டியா இருந்துச்சு. பூஞ்சை மேல நேரா உப்புத்தாள் போடாதீங்க, காஞ்ச தூள் ரூம் முழுக்கப் பறக்கும், மாஸ்க் போட்டுட்டு மொதல்ல சோப்புத்தண்ணில துடைச்சு எடுங்க. அப்புறம் காய விடணும், இங்கதான் பொறுமை வேணும். மரத்தோட ஈரம் 24 சதவீதத்துலேர்ந்து 14க்கு வர மூணு வாரம் ஆச்சு, மரத்துல குத்திப் பாக்குற ஈர மீட்டரைத் தினம் குத்திக் குத்திப் பாத்துட்டே இருந்தேன். அப்புறம் 120 நம்பர், 180 நம்பர் உப்புத்தாள், ரப்பர் மேல படாம டேப் ஒட்டி மூணு கோட் வார்னிஷ். அந்த நீலக்கறுப்பு மட்டும் போகல, மரத்துக்குள்ளயே இறங்கியிருக்கு. பூஞ்சை போனாலும் கறை போகாதாம்.

நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வார்னிஷ் அடிக்கணும், குளியலறை, சமையலறைன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு கையேட்டுல அப்பவே போட்டிருந்துச்சு. பிரிச்சே பாக்கல நான். நியாயமா பாத்தா ஜன்னல் மேல குத்தமே சொல்ல முடியாது, திரையைக் கொஞ்சம் தூக்கி வச்சு, துணியை வேற எங்கயாவது போட்டப்புறம் ஈரப்பதம் 48ல நிக்குது, கண்ணாடி வேர்க்கிறதே அபூர்வம்.

இருந்தாலும் டேய், நீ வெள்ளையே எடு. மூணு வாரம் மீட்டர் பிடிச்சவன் சொல்றேன், மரம் வேண்டாம். வீட்டுக்கு வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்னா வா, ஆனா காலைல எட்டு மணிக்கு மட்டும் வராத, அப்பதான் வெயில் அந்தச் சட்டத்துல விழும்.